காமிராவுக்கு முன்பு ஒரு காகிதம்

சினிமா எடுக்க இப்போது பெரிய ஸ்டூடியோ தேவை இல்லை. சட்டைப் பையில் இருக்கும் செல்போனே காமிராவாகி விட்டது. கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறார்கள். கதை எழுதுகிறார்கள். வசனம் எழுதுகிறார்கள். செலவுக் கணக்கும் எழுதுகிறார்கள்.

ஒன்றை மட்டும் எழுத மறந்து விடுகிறார்கள். "எந்த இடத்தில், யாருக்கு, என்ன ஆபத்து வரும்?" என்ற கணக்குதான் அது.

"சின்னப் படம்தானே! இதில் என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். அனுபவசாலிகள் நிறைந்த பெரிய படங்களிலேயே ஆபத்து வந்திருக்கிறது.

மூன்றாவது ரெயில்

2014-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம். "மிட்நைட் ரைடர்" என்ற படத்துக்காக, ஆற்றின் மேல் உள்ள ரெயில் பாலத்தில் படப்பிடிப்பு நடந்தது. தண்டவாளத்தின் மீது இரும்புக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். ரெயில் கம்பெனி அனுமதி மறுத்திருந்தது. ஆனாலும் போனார்கள்.

இரண்டு ரெயில்கள் போய்விட்டன. இனி வராது என்று நினைத்தார்கள். மூன்றாவது ரெயில் வந்தது!

காமிரா உதவியாளர் சாரா ஜோன்ஸ் மாண்டார். அவருக்கு வயது 27. மேலும் பலர் காயம் அடைந்தார்கள். டைரக்டர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2015-ல் ஜெயிலுக்குப் போனார்.

தண்ணீரில் குதித்தவர்கள்

2016-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி. பெங்களூர் அருகே உள்ள திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். "மாஸ்தி குடி" என்ற கன்னடப் படத்துக்காக, ஹெலிகாப்டரில் இருந்து மூன்று நடிகர்கள் தண்ணீரில் குதித்தார்கள். கதாநாயகர் தப்பினார். மற்ற இருவரும் மூழ்கி இறந்தார்கள். நீச்சல் சரியாகத் தெரியாது என்று அவர்களே முன்பு சொல்லி இருந்தார்கள். அவர்கள் உடலில் மிதவைச் சட்டை இல்லை.

இவற்றை விதி என்று சொல்ல முடியுமா? தண்டவாளத்தில் ரெயில் வரும். ஆழமான தண்ணீர் ஆளை இழுக்கும். இது குழந்தைக்கும் தெரியும். தெரிந்த ஆபத்துக்கு வழி செய்யாததுதான் தவறு.

என்ன செய்யலாம்?

ஒரு தாள் போதும். ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு கேள்விகள். என்ன ஆபத்து? யாருக்கு? எப்படித் தடுப்பது? பொறுப்பு யார்? கடைசிக் கேள்விக்கு "எல்லோரும்" என்று எழுதக்கூடாது. ஒருவர் பெயரை எழுத வேண்டும்.

படப்பிடிப்பு நடக்கும் இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? பக்கத்தில் மின்சாரக் கம்பி போகிறதா? கடலில் அலை எப்படி? அருகில் ஆஸ்பத்திரி எங்கே? 108-க்குப் போன் செய்தால், இடத்துக்கு வழி சொல்வது யார்?

தெருவில் பொம்மைத் துப்பாக்கியை நீட்டினாலும் பார்ப்பவர்கள் நிஜம் என்றே நினைப்பார்கள். போலீசுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ரெயில் பாதையில் அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை ஜெயில் உண்டு. இரவு முழுவதும் கண்விழித்தவர் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

இன்னொன்று. "எனக்குப் பயமாக இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை விளக்குப் பிடிக்கும் சின்னப் பையனுக்கும் வேண்டும். சொன்னவனைக் கேலி செய்யக்கூடாது. காட்சியைத்தான் மாற்ற வேண்டும். ரெயில் வருவதைக் காட்டத் தண்டவாளத்தில் நிற்க வேண்டியது இல்லை. ரெயிலின் கூவலும், அதைக் கேட்டுத் திரும்பும் ஒரு முகமும் போதும்.

படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளையிடம், "எப்போது திரும்பி வருவாய்?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். இனிமேல், "அந்தத் தாளை எழுதிவிட்டாயா? காட்டு, பார்க்கலாம்" என்றும் கேட்கட்டும்.