தாம்பரம் போலீசார் ஜெர்மனியில் கைது செய்யலாமா?



தாம்பரம், பல்லாவரம் பக்கம் குடியிருக்கும் உங்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. மீனம்பாக்கத்தில் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் சிங்கப்பூர்! ஒரு திருடனும் அப்படி ஏறிப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் போலீசார் அடுத்த விமானத்தில் போய் அவன் கையில் விலங்கு மாட்ட முடியுமா?

முடியாது. நம் போலீசாரின் அதிகாரம் நாட்டு எல்லையோடு சரி. அதைத் தாண்டினால் அவர்களும் வெறும் பயணிகள்தான்.

"இன்டர்போல் பிடிக்கும் சார்!" என்பீர்கள். சினிமா பார்த்த பழக்கம்! பிரான்சில் உள்ள லியோன் நகரில் இன்டர்போலின் தலைமையகம் இருக்கிறது. 196 நாடுகள் உறுப்பினர்கள். ஆனால், யாரையும் கைது செய்ய அதற்கென்று தனிப் படை கிடையாது. ஒரு நாட்டுப் போலீசாரின் தகவலை மற்ற நாடுகளுக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் முக்கிய வேலை. "இவரைத் தேடுகிறோம், கண்டால் பிடித்து வையுங்கள்" என்ற அறிவிப்புக்கு 'ரெட் நோட்டீஸ்' என்று பெயர். அதைப் பார்த்துக் கைது செய்வதா, வேண்டாமா என்பதை அந்தந்த நாடு தன் சட்டப்படி முடிவு செய்யும்.

நம் ஊர்க் கதை ஒன்றையே பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் சோழர் காலத்துச் சிவன் கோவில் ஒன்று பூட்டிக் கிடந்தது. 2006-ல் திருடர்கள் புகுந்து நடராஜர் உள்ளிட்ட வெண்கலச் சிலைகளைக் கொண்டுபோனார்கள். 2008-ல், சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் விஷயமே தெரிந்தது! அதற்குள் நடராஜர், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் மூலம் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்விட்டார். விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர்.

திருட்டு இங்கே, வியாபாரி அமெரிக்காவில், சிலை ஆஸ்திரேலியாவில். எந்த நாட்டுப் போலீசார் தனியாக இதைத் துப்பறிய முடியும்? நம் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு, டெல்லியில் உள்ள சி.பி.ஐ. மூலம் இன்டர்போலுக்குத் தகவல் கொடுத்தது. 2011 அக்டோபர் 30-ம் தேதி, ஜெர்மனியின் பிராங்பர்ட் விமான நிலையத்தில் கபூர் பிடிபட்டார். அவரை இந்தியாவுக்கு அனுப்ப 2012 ஜூலை ஆகிவிட்டது. அமெரிக்க அதிகாரிகள் நியூயார்க்கில் அவருடைய கிடங்குகளைச் சோதனை போட்டார்கள். பல ஆண்டுகளில் அவர்கள் கைப்பற்றிய கலைப் பொருட்கள் 2,500-க்கும் மேல்!

ஆஸ்திரேலியாவில் இருந்தது நம் நடராஜர்தான் என்பதற்கு எது சாட்சி? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம்! 2014 செப்டம்பர் 5-ம் தேதி, ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், டெல்லியில் நம் பிரதமர் மோடியிடம் சிலையை ஒப்படைத்தார். (ஆசிரியர் தினம் என்பதால் அந்தத் தேதி எனக்கு மறப்பதில்லை.) 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

சிலைக்குச் சரி, அது எட்டு ஆண்டு கழித்தாவது வந்தது. பணம் அப்படிக் காத்திருக்குமா? கம்போடியா, மியான்மர் போன்ற நாடுகளில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. குரோம்பேட்டையில் ஒரு பாட்டியின் சேமிப்பை அவர்கள் சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்கு மாற்றிவிட முடியும். அதனால்தான், கடிதம், பேக்ஸ் என்று அலையாமல், மாநிலப் போலீசார் தங்கள் கோரிக்கையை இணையம் வழியே சி.பி.ஐ.க்கு அனுப்ப 'பாரத்போல்' என்ற தளம் 2025 ஜனவரி 7-ம் தேதி தொடங்கப்பட்டது.

இரு நாட்டு அதிகாரிகள் நேரடியாகப் பேசிக்கொண்டால் இன்னும் சுலபம் அல்லவா? துப்புக் கிடைக்க அது நல்ல வழிதான். ஆனால் போனில் சொன்னதை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. முறைப்படி கேட்டுப் பெற்ற ஆவணம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஓர் அரசு, தனக்குப் பிடிக்காதவரையும் 'குற்றவாளி' என்று சொல்லித் தேடலாமே! அதற்காகவே, அரசியல், ராணுவம், மதம், இனம் தொடர்பான விஷயங்களில் இன்டர்போல் தலையிடக் கூடாது என்று அதன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே காகித வேலை தாமதம் என்று நாம் அலுத்துக்கொண்டாலும், அதை அடியோடு ஒழித்துவிட முடியாது.

அந்தப் பாட்டி செய்ய வேண்டியது உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. பணம் நம் நாட்டு வங்கிக் கணக்கில் இருக்கும்போதே முடக்கிவிட்டால், லியோன் வரை போகும் வேலை மிச்சம்!