விட்டுப்போன ஒரு வரி



பரீட்சையில், "எல்லாம் சரிபார்த்தாயா?" என்று கேட்டால், தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "பார்த்துட்டேன் சார்!" என்பவர்கள் உண்டு. இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா?

2008 ஆகஸ்ட் 20. ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட். கிரான் கனாரியா தீவுக்குப் போக வேண்டிய ஸ்பான்ஏர் விமானம், 172 பேருடன் ஓடுபாதையை விட்டு எழும்பியது. சில விநாடிகள்தான். கீழே விழுந்து தீப்பிடித்தது. 154 பேர் இறந்தனர். 18 பேரே பிழைத்தனர்.

ஏன் விழுந்தது? விமான இறக்கையின் பின் ஓரத்தில் 'ஃபிளாப்', முன் ஓரத்தில் 'ஸ்லாட்' என்ற பலகைகள் உண்டு. கிளம்பும்போது விமானத்தின் வேகம் குறைவு. அப்போது இவற்றை நீட்டினால்தான் இறக்கைக்குப் போதிய தூக்குவிசை கிடைக்கும். அன்று அவை நீட்டப்படவே இல்லை!

மறக்காமல் இருக்கத்தான் விமானிகளிடம் சரிபார்ப்புப் பட்டியல் உண்டே? இருந்தது. ஆனால், ஒரு கோளாறால் அந்த விமானம் பாதியில் திரும்பி வந்து, தாமதமாகத்தான் மறுபடி கிளம்பியது. துணை விமானி பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தார். ஃபிளாப் பற்றிய வரி வரும் நேரம், ஓடுபாதைக்குச் செல்ல அனுமதி கேட்கும்படி தலைமை விமானி சொன்னார். பேச்சு மாறியது, அந்த வரி விட்டுப்போனது. கடைசிச் சரிபார்ப்பில், இருக்கவேண்டிய அளவைத் துணை விமானி வாயால் சொன்னார். நிஜமாகவே அப்படி இருக்கிறதா என்று இருவருமே கவனிக்கவில்லை. தவறைச் சொல்லி அலற வேண்டிய எச்சரிக்கைக் கருவியும் அன்று மௌனமாக இருந்துவிட்டது. 2011-இல் வெளியான விசாரணை அறிக்கை சொல்லும் உண்மை இது.

இந்தப் பட்டியல் பிறந்ததே ஒரு விபத்தால்தான். 1935-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், போயிங்கின் சோதனை விமானம் ஒன்று கிளம்பியதும் விழுந்தது. தரையில் நிற்கும்போது வால் பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். கெட்டிக்கார விமானிகளும் மறப்பார்கள் என்று புரிந்தது. அதன்பின் வந்ததுதான் பட்டியல்.

ஆனால், பட்டியல் காகிதம்தானே? வாய் படித்தால் போதாது. கண் பார்க்க வேண்டும், கை தொட வேண்டும்.

ஆகவே செல்லங்களே, சரிபார்க்கும்போது யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்து முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். "பார்த்துட்டேன்" என்பதைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்!