டாபடில் புஷ்பம் நம் மண்ணில் மலருமா?

ஆங்கிலப் பாடம் படித்த குடும்பங்களில் டாபடில் என்னும் பெயரை அறியாதார் இரார். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, வர்ட்ஸ்வொர்த் தம் சகோதரி டாரதியுடன் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரம் நடந்து சென்றார். அன்று கண்ட மஞ்சள் மலர்க் கூட்டத்தைப் பற்றி அவர் பாடிய பாட்டு 1807-இல் அச்சேறியது. பின்னர் கடல் கடந்து நம் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது. அன்று முதல் நம் பிள்ளைகள், கண்ணால் காணாத ஒரு மலரைத் தலைமுறை தலைமுறையாக நெட்டுருப் பண்ணி வந்திருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் ஆறு இதழும் நடுவே ஒரு கிண்ணமுமாக அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிக் காலந் தள்ளி வருகிறோம்.

இப்பொழுது நிலைமை மாறிவிட்டது. பணத்தைக் கட்டினால் டாபடில் கிழங்கு வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகிறது. வடக்குப்பட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கங்களில் தொழிற்சாலைகளை அடுத்து எழும்பியுள்ள புது வீடுகளில், மொட்டைமாடியிலே நாலு தொட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பிள்ளைகள், "பாட்டில் வரும் பூவை நாமே வளர்க்கலாமே" என்று கேட்பது இயல்பு. பணத்தைச் செலவிடுமுன் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இவ்வாரம் கூறுவோம்.

டாபடில் என்பது நார்ஸிஸஸ் என்னும் பெருங் குலத்தில் ஒரு கிளை. வர்ட்ஸ்வொர்த் கண்ட வகையிலும் அதன் பெரிய பூ இனங்களிலும், கோடை காலத்திலேயே கிழங்கின் உள்ளே மொக்கு உருவாகிவிடுகிறது. ஆனால் அந்த மொக்கைத் தாங்கும் தண்டு நீண்டு வெளிவர வேண்டுமானால், 12 முதல் 16 வாரம் வரையில் கிழங்கு குளிர்ந்த மண்ணில் கிடந்தாக வேண்டும். அந்தக் குளிரும் 9 டிகிரிக்கு மேற்படலாகாது. நம் பக்கத்தில் மார்கழி இரவிற்கூட வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே இங்கே நட்ட கிழங்கு இலை விடும், பூ விடாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து நட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். வெப்ப தேசங்களில் அவ்வாறு செய்பவர் உண்டு. ஆயினும் பெட்டியில் பழங்கள் இருப்பின், அவற்றினின்று எழும் எதிலீன் என்னும் வாயு மொக்கைக் கெடுத்துவிடும். அதற்குத் தப்பினாலும், வெளியே வந்ததும் 30 டிகிரி வெயில் காத்திருக்கிறது. மொக்குக் கருகுவதே பெரும்பான்மை.

குளிர் இன்மை ஒன்றே தடை என்று நினைப்பது பொருந்தாது. இக்குலத்துச் செடிகள் பல மத்தியதரைக் கடலோரத்தில் தோன்றியவை. அங்கே மழை பெய்வது மாரிக்காலத்தில், கோடையோ உலர்ந்தது. மாரியில் விழித்திருந்து கோடையில் உறங்குவது அச்செடியின் வழக்கம். நம் நாட்டிலோ ஆனி, ஆடி தொடங்கிக் கார்த்திகை வரையில் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உறங்கும் கிழங்கு வெதுவெதுப்பான ஈர மண்ணில் கிடந்து அழுகிப் போகிறது. அழுகாமல் பிழைத்ததும், மாசி பங்குனி வெயிலில் இலை சீக்கிரமே வாடிவிடுவதால், மறு வருஷத்துக்கு வேண்டிய உணவைச் சேமிக்க இயலாமல் சிறுத்துவிடுகிறது.

ஆயினும் இக்குலம் முழுவதும் நமக்கு அந்நியமன்று. வட இந்தியர் நர்கிஸ் என்று போற்றும் மலரும் இதைச் சேர்ந்ததே. உருதுக் கவிகள் காதலியின் கண்ணுக்கு உவமையாக வைத்த மலர் அது. காஷ்மீரத்தில் அதற்கு யெம்பர்ஸல் என்று பெயர். டாபடில் மலரையே நேரிற் காண விரும்புவோர், 2007-இல் ஸ்ரீநகரில் திறக்கப்பட்ட டூலிப் தோட்டத்துக்கு வசந்த காலத்தில் சென்றால் காணலாம்.

இந்த நர்கிஸ் இனத்தின் மொக்கு, வெப்பத்திலேயே உருவாவது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸில்லித் தீவுகளில் வயலின்மேல் வைக்கோலை எரித்துப் புகையூட்டி, இவ்வினத்தைச் சீக்கிரம் பூக்கச் செய்வது வழக்கம். நம்மவர் வாழைத்தாரைப் பழுக்க வைக்கப் போடும் புகைமூட்டத்தில் வேலை செய்யும் அதே எதிலீன்தான் அங்கும் வேலை செய்கிறது!

இவ்வினத்தைச் சேர்ந்த பேப்பர் ஒயிட் என்னும் வெண்ணிற வகைக்குக் குளிரே வேண்டுவதில்லை. ஆகவே ஆசைப்படுகிறவர்கள் அதை வாங்குக. ஓட்டையில்லாத ஆழமற்ற தட்டில் இரண்டு அங்குலம் கூழாங்கல் பரப்பி, முனை மேலே இருக்கும்படி கிழங்குகளை நெருக்கமாக வையுங்கள். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொட்டால் போதும். மேலே ஏறினால் அழுகும். வேர் விடும்வரை நிழலில் வைத்துப் பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டு வரலாம். கார்த்திகை தீபத்தை ஒட்டி வைத்தால் பொங்கலை ஒட்டிப் பூக்கும். அதன் மணம் சற்றுக் கடுமையானது. மல்லிகையில் உள்ள இண்டோல் என்னும் பொருள் இதிலும் உண்டு. ஒரு முறை பூத்த கிழங்கு மறு வருஷம் பூக்கும் என்று நம்ப வேண்டாம். அதை ஒரு பருவத்து விருந்தாளி என்றே கொள்க.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இக்கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போன்றது, ஆனால் விஷமுள்ளது. அதிலுள்ள லைகோரின் என்னும் நஞ்சு கடும் வாந்தியை உண்டாக்கும். 2009-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் வகுப்பில், வெங்காயம் என்று எண்ணி ஒரு கிழங்கை ஸூப்பில் போட்டதால் குழந்தைகள் நோயுற்றார்கள். உணவுப் பொருள்களின் அருகே டாபடிலை வைத்து விற்கலாகாது என்று 2015-இல் அந்நாட்டுச் சுகாதார இலாகா கடைக்காரர்களை எச்சரித்தது. இதே குலத்தினின்று எடுக்கும் காலண்டமைன் என்னும் மருந்து, முதியோரின் ஞாபக மறதி நோய்க்கு உதவுகிறது என்பதும் உண்மையே. அது வைத்தியர் அறிந்து தருவது. நம் வீட்டில் கிழங்கின் இடம் சமையலறையும் அன்று, குளிர்சாதனப் பெட்டியும் அன்று.

ஆண்டுதோறும் பூக்கும் கிழங்குச் செடி வேண்டுவோர்க்கு வேறு வழி இருக்கிறது. மழை லில்லியை நடுங்கள். வறட்சியில் ஒடுங்கிக் கிடந்து, ஒரு நல்ல மழை பெய்த சில நாட்களில் தொட்டி நிறையப் பூக்கும். செந்நிறப் பந்து போலப் பூக்கும் ஆப்பிரிக்க லில்லி பனிக்காலத்தில் உறங்கிக் கோடை மழைக்கு விழிக்கும். விஷமூங்கில் உறங்குவதே இல்லை. இம்மூன்றும் நார்ஸிஸஸுக்குத் தாயாதிகள். ஆதலின் இவற்றின் கிழங்குகளையும் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணம் வேண்டுமெனில் நிலசம்பங்கி இருக்கிறது. ஆனி ஆடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டால், மூன்று நான்கு மாதத்தில் பூவெடுக்கலாம்.

இவற்றுள் நிலசம்பங்கி மெக்ஸிகோவிலிருந்து வந்தது. மழை லில்லியும் அமெரிக்கக் கண்டத்தினதே. எனவே நாம் அயல்நாட்டுப் பூவை வெறுக்கச் சொல்லவில்லை. ஒரு செடி எந்தத் தேசத்தது என்பதைக் காட்டிலும், அது எப்போது உறங்கி எப்போது விழிக்கிறது, அந்தக் கணக்கு நம் மழைக்கும் வெயிலுக்கும் ஒத்து வருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நிலத்துக்குப் பூவின் பெயரையே இட்டுக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று வகுத்த தமிழர்க்கு இது புதிய பாடமன்று.

பாட்டைப் பிள்ளைகள் படிக்கட்டும். அது நல்ல பாட்டு. படித்த பின், அந்தப் பூ இங்கே ஏன் மலரவில்லை என்பதையும் ஒரு தட்டும் கூழாங்கல்லும் வைத்து அவர்களுக்கு விளக்குங்கள். அடுத்த மழைக்குள் மாடியில் ஒரு தொட்டி மழை லில்லியும் இருக்கட்டும்.