அப்பா பெயரில் ஒரு சாய்வுக்கோடு

போன மாதம் பினாங்கு போக அப்பா பேருந்து டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார். லார்கின் வரைக்கும் போய் வரிசையில் நிற்க வேண்டாமே என்று கைப்பேசியில் எடுக்க நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் இன்னும் முதல் பக்கத்திலேயே இருக்கிறார். அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை அடித்திருக்கிறார். ‘ஏ/எல்’ வந்ததும் அகப்பக்கம் சிவந்துவிடுகிறது: செல்லாத குறி.

நான் சாய்வுக்கோட்டை எடுத்துவிட்டேன். உடனே டிக்கெட் வந்தது. அப்பாவுக்குத்தான் மனம் வரவில்லை.

“அட்டையில உள்ளபடி எழுதுங்கிறான். எழுதினா செல்லாதுங்கிறான். எங்கப்பா பேர எடுத்தாத்தான் பஸ்ல ஏத்துவானாம்மா?”

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். தினமும் விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் அவனும் ஒருவன். நிரல் எழுதுவது அவன் தொழில். தாத்தாவின் புகாரைக் கேட்டுச் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “இது பழைய கதை சித்தி. உலகம் முழுக்க இதைப் பேசியிருக்காங்க” என்றான்.

அவன் சொன்னது ‘ஜாங்கோ’ பற்றி. அகப்பக்கம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்து தொடங்குவதில்லை. பயனர் கணக்கு, படிவம், தரவுத்தளம் எல்லாம் தயாராக இருக்கும் ஒரு சட்டகத்தை எடுத்து அதன்மேல் கட்டுகிறார்கள். ஜாங்கோ அப்படி ஒன்று. யாரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம். இன்ஸ்டாகிராம் அதன்மேல்தான் எழுந்தது. அது பிறந்ததோ ஒரு நாளிதழ் அலுவலகத்தில்! அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு பத்திரிகையில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் தொடங்கினார்கள். 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கித்தார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் நினைவாக வைத்த பெயர். தீ விபத்தில் இடது கையின் இரு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர் அவர். வானொலிக்காரிக்கு இந்தத் தகவல் போதாதா, அன்றிலிருந்து எனக்கு அந்த மென்பொருள் மேல் ஒரு பாசம்.

அந்த ஜாங்கோவில் பயனரின் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: முதல் பெயர், கடைசிப் பெயர். பல வருடம் ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்துதான். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? முழுப் பெயரையும் முதல் கட்டத்தில்தான் அடிப்போம். திருநாவுக்கரசு ஏ/எல் சுப்ரமணியம் என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இருக்கும் ரோமன் எழுத்தில் இடைவெளியோடு எண்ணினால் 32. சுப்ரமணியத்தின் கடைசி இரண்டு எழுத்து வெளியே நிற்கும்.

தமிழில் அடித்தால் இன்னும் நெருக்கடி. ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினியோ கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். அதற்கு அது பதினைந்து.

“சரி, 30-ஐ 150 ஆக்கிட்டா முடிஞ்சுதே?” என்றேன். அங்கேதான் விவாதமே என்றான். எண்ணை மாற்றுவது ஒரு வரி வேலை. ஆனால் புதிய பதிப்புக்கு மாறும் ஒவ்வொரு தளமும் தன் தரவுத்தளத்தில் அந்தக் கட்டத்தை மாற்றியாக வேண்டும். ஓடிக்கொண்டிருப்பது உடையக்கூடாது. அதனால் ஒருவர் குறையை எழுதி வைக்க, இன்னொருவர் உண்மைதானா என்று சோதிக்க, வேறொருவர் திருத்தம் எழுத, பலர் குறுக்குக் கேள்வி கேட்க, மெல்லத்தான் நகரும். கணக்குப் பெயருக்கு 150 எழுத்து 2016-இல் கிடைத்தது. கடைசிப் பெயருக்கு 2017 டிசம்பரில். நாம் முழுப் பெயரையும் திணிக்கும் முதல் பெயருக்கு 2020 ஆகஸ்டில்தான்.

“அப்படின்னா சாய்வுக்கோட்டைத் தடுக்கிறதும் அவங்கதானா?” என்று அப்பா கேட்டார்.

இல்லையாம். கணக்குப் பெயரில்தான் ஜாங்கோ சாய்வுக்கோட்டை ஏற்காது. ஆள் பெயருக்கான கட்டத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை. “பேர்ல எழுத்து மட்டும்தான் இருக்கலாம்னு நம்ம ஊர்ல படிவம் எழுதுறவங்களே போடுற சட்டம் தாத்தா அது” என்றான். அப்பா பதில் சொல்லவில்லை.

எனக்கும் உறைத்தது. எங்கோ கான்சஸில் தொடங்கிய மென்பொருள் நமக்காக இடத்தை விரித்திருக்கிறது. அதில் மலாய்மொழி 2021 டிசம்பரில்தான் சேர்ந்தது. தமிழோ 2008-இல் வந்த முதல் முழுப் பதிப்பிலேயே இருந்தது. பெருமையாக இருக்கிறதா? அந்தத் தமிழ்க் கோப்பைத் திறந்து காட்டினான். பல வரிகள் காலி. அந்த மொழிபெயர்ப்பு முழுக்கத் தன்னார்வலர்கள் செய்வது. யாராவது முன்வந்தால் நிரம்பும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும்.

நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கணினித் துறையில் இருக்கிறார்கள். ஸ்கூடாயிலும் சைபர்ஜெயாவிலும் சிங்கப்பூரிலும் படிவம் எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலை முடிந்தது என்று சொல்லுமுன், அந்தக் கட்டத்தில் உங்கள் தாத்தாவின் பெயரை, அடையாள அட்டையில் உள்ளபடி ஒருமுறை அடித்துப் பாருங்கள். உங்கள் நிரல் அவரை உள்ளே விடுகிறதா?

அன்று மாலையே அக்கா மகன் அந்த டிக்கெட் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டான். குறை என்ன, எந்த விதியை மாற்ற வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று நான்கே வரி. இன்னும் பதில் வரவில்லை.

அப்பா தினமும் கேட்கிறார்.