732 மீட்டர்தானே என்பவர்களுக்கு

அந்தமான் என்றதும் ராதாநகர் கடற்கரை, செல்லுலார் சிறை, பவளப்பாறை. அங்கே மலையும் உண்டு என்றால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. “732 மீட்டரா? அது மேடு. கொடைக்கானல் போயிருக்கிறீர்களா?” வட அந்தமானில் திக்லிபூர் அருகே நிற்கும் சேடில் பீக் சிகரத்துக்கு இந்தக் கேலி பழகிப்போன ஒன்று.

கேலி செய்பவர்கள் எண்ணைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மலையைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். ஏறுகிறவரோ தான் நிற்கும் இடத்திலிருந்துதான் ஏறுகிறார். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஊட்டி நகரமே 2,240 மீட்டரில் இருக்கிறது. மிச்சம் நானூறு மீட்டர்; அதையும் காரிலேயே கடந்து, உச்சியில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கலாம். திருவண்ணாமலை 814 மீட்டர் என்றாலும், ஊரே ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உண்மையான ஏற்றம் 650 மீட்டருக்குள்தான். சேடில் பீக்கில் அந்தச் சலுகை கிடையாது. லாமியா விரிகுடாவின் கரையில், அலை காலைத் தொடும் தூரத்தில் நடை தொடங்குகிறது. 732 மீட்டரில் ஒரு மீட்டரைக்கூட யாரும் தள்ளுபடி தருவதில்லை.

பாதையும் சாதுவானதல்ல. முதலில் கரையோரக் கூழாங்கற்களும் காடும் மாறி மாறி வருகின்றன. அப்புறம்தான் ஏற்றம். போக மட்டும் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். மழைக்காடு என்பதால் காற்றே ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டுகிறது. வியர்வை காய வழியில்லை. பிடிமானத்துக்குப் பற்றிய வேர் கையில் வழுக்கும். மழை பெய்து ஓய்ந்த நாளென்றால் கணுக்காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று நின்று நின்று பார்க்க வேண்டும். பனியோ, கயிறு கட்டி ஏறும் செங்குத்துப் பாறையோ இல்லை என்பது உண்மைதான். அதனால் அது மேடாகிவிடுமா? மலைக்குக் கறாரான வரம்பு வைத்திருக்கும் பிரிட்டனில்கூட, 2,000 அடி, அதாவது 610 மீட்டர் தாண்டினால் மலை என்பது பரவலான கணக்கு.

இன்னொரு பேச்சு: அந்தமான் மேடுகள் எல்லாம் எரிமலை கக்கிய குவியல்கள். எரிமலை இருப்பது உண்மை. 1991-இல் மறுபடி விழித்துக்கொண்ட பாரன் தீவு அது. சேடில் பீக்கின் பூர்வீகம் வேறு. மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அந்தமான், நிக்கோபார் வழியாகச் சுமத்ராவை நோக்கிப் போகிறது. ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் செருகும்போது கடலடிப் பாறைகளும் படிவுகளும் மேலே தள்ளப்பட்டு உருவான தொடர் இது. தீவுகள் என்று நாம் சொல்வது அதன் தலைகளைத்தான். மேற்கே கடல் 2,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தால் கொடைக்கானல்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இந்த ‘மேட்டில்’தான் கல்போங் ஆறு பிறக்கிறது. அதில் அணை கட்டி, 5.25 மெகாவாட் நீர்மின் நிலையத்தை 2001-இல் இயக்கத் தொடங்கினார்கள். டீசல் ஜெனரேட்டர்களையே நம்பியிருந்த தீவுகளுக்கு அதுதான் முதல் நீர்மின்சாரம்.

மலை உண்டு என்று ஒப்புக்கொள்பவர்களிலும் பாதிப் பேர் மவுண்ட் ஹாரியட்தான் உச்சம் என்பார்கள். 400 மீட்டரைக்கூட எட்டாத சிகரம் அது. கிரேட் நிக்கோபாரின் மவுண்ட் துல்லியர்கூட 642 மீட்டர். ஹாரியட்டின் புகழுக்குக் காரணம் உயரமல்ல, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருப்பதும், பழைய இருபது ரூபாய் நோட்டில் இருந்த தென்னை, கடல் காட்சி அங்கிருந்து தெரிவதும்தான். 1862 முதல் 1864 வரை கைதிகள் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹாரியட்டின் பெயர் அதற்கு வந்தது. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ, அங்கே நோயாளிகளுக்கான ஓய்வில்லம் அமைக்கலாமா என்று ஏறிப் பார்த்தார். இறங்கி, இருட்டும் நேரத்தில் ஹோப்டவுன் படகுத்துறைக்கு வந்தபோது, கைதி ஷேர் அலி அஃப்ரிதியின் கத்திக்குப் பலியானார். ஆங்கிலேயருடனான 1891 போரில் தோற்று நாடுகடத்தப்பட்ட மணிப்பூர் அரசர் குலசந்திர சிங்கும் அவரோடு வந்தவர்களும் சிறைவைக்கப்பட்டதும் இந்த மலையில்தான். அவர்கள் நினைவாக 2021 அக்டோபரில் அது மவுண்ட் மணிப்பூர் ஆனது.

இத்தனை கதைகள் சேடில் பீக்குக்கு இல்லை. குதிரைச் சேணம் போன்ற தோற்றத்தால் வந்த பெயர், அவ்வளவுதான். போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசைகட்டிக் காத்திருந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கூட்டமாகக் கடந்தாக வேண்டும். மூன்று நாள் சுற்றுலாவில் இது அடங்காது. மேடு என்று சொல்லிவிட்டால், போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?