திருச்சி வெயிலுக்கு எந்தப் பழமரம்?

மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், லிச்சி, அவகாடோ. திருச்சியைச் சுற்றியுள்ள நர்சரிகளில் இந்தப் பெயர் எழுதிய அட்டைகளை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். பழம் கொத்தாகத் தொங்கும் படமும் கன்றிலேயே கட்டியிருக்கும். ஒரு கன்றுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கி, ஐப்பசி மழையில் நடுகிறீர்கள். மார்கழி வரை துளிர்விட்டு நம்பிக்கை தருகிறது. மாசியில் இலை ஓரம் கருகத் தொடங்குகிறது. பங்குனியில் தண்ணீரைக் கூட்டுகிறீர்கள், கருகல் நிற்பதில்லை. சித்திரை முடிவதற்குள் குச்சிதான் மிஞ்சுகிறது. பராமரிப்பு போதவில்லை என்று நினைத்து, அடுத்த ஆண்டு அதே கன்றை மறுபடியும் வாங்குகிறவர்களும் உண்டு.

பராமரிப்பில் குறை தேடுவதற்கு முன் மரத்தின் சொந்த ஊரைப் பாருங்கள். "வெப்பமண்டலப் பழம், நம்ம ஊர் வெப்பத்துக்கு நன்றாக வரும்" என்று விற்பவர் சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறுவேறு உலகங்கள் இருக்கின்றன. மலேசியாவிலும் போர்னியோவிலும் ஆண்டு மழை 2000 மில்லிமீட்டருக்கு மேல். மழை இல்லாத மாதம் என்று ஒன்று அங்கே கிடையாது. வெப்பநிலையும் 35 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். திருச்சியில் கிடைப்பதோ சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை பெயரளவுக்குத்தான். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி நமக்குச் செய்தியே இல்லை. அதற்குப் பின் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, ஈரத்தையெல்லாம் மேற்கிலேயே இறக்கிவிட்டு, வெறும் உலர் காற்றாக நம் இலைகளின் மேல் வீசுகிறது.

மங்குஸ்தானின் வேருக்கு வேர்த்தூவிகள் கிடையாது. மண்ணிலுள்ள ஈரத்தை அது மிக மெதுவாகத்தான் உறிஞ்சும். காற்று உலர்ந்து இலை வேகமாக நீரை இழக்கும்போது, அடியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வேரால் ஈடுகொடுக்க முடியாது. கோடையில் தண்ணீரைக் கூட்டியும் கருகல் நிற்காததற்கு இது ஒரு காரணம். முதல் சில ஆண்டுகள் நிழல் வேண்டும், காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். நம் மாநிலத்திலேயே அது நன்றாகக் காய்க்கிறது, ஆனால் எங்கே? நீலகிரிச் சரிவிலுள்ள பர்லியாறு, கல்லாறு அரசுப் பழப்பண்ணைகளில், குற்றாலத்தில். மலையடிவாரம், ஓடை, மூடுபனி எல்லாம் உள்ள இடங்கள் அவை. லிச்சியின் தேவை வேறு. பூப்பதற்கு முன் அதற்குக் குளிர்ந்த வாரங்கள் சில வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத நம் தை மாதம் போதாது. மரம் வளரும், இலை தழைக்கும், பூக்காது. அவகாடோவில் நம் பல்கலைக்கழகம் வெளியிட்ட டி.கே.டி. 1 ரகம், பெயரிலேயே சொல்வதுபோல, தடியன்குடிசை மலைப்பகுதிக்கானது.

சரி, அபூர்வப் பழம் வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிடவேண்டுமா? வேண்டியதில்லை. நம் கொல்லையில் நூற்றாண்டுகளாக நிற்கும் கொய்யா, சீத்தா, சப்போட்டா, பப்பாளி, கொடுக்காய்ப்புளி எதுவுமே இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. எல்லாம் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சப்போட்டாவின் தாயகமான மெக்சிகோவின் யுகடான் பகுதியில் கோடை மழைக்குப் பின் மாதக்கணக்கில் வறட்சி நீளும். அந்த வறட்சியைத் தாங்கப் பழகிய மரங்கள் திருச்சிக்கு வந்தபோது புது ஊர் என்றே உணரவில்லை. ஆகவே நர்சரியில் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இந்த மரம் பிறந்த ஊரில் வறண்ட மாதங்கள் உண்டா என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் முட்டைப்பழம் முதலில் நிற்கும். அதன் தாவரவியல் பெயரிலேயே மெக்சிகோவின் கம்பெச்சே இருக்கிறது. சப்போட்டாவின் குடும்பம், இலங்கையில் வீட்டுக்கு வீடு பழகிய மரம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு போன்ற மாவுச் சதை. பாதி பழுத்ததைக் கடித்தால் பால் ஒட்டி முகம் சுளிப்பீர்கள். மரத்திலிருந்து பறித்து, விரல் பதியும் அளவுக்குக் கனியவிட்டு, பாலில் அடித்துக் குடிக்கவேண்டும். அடுத்தது மேற்கிந்திய செர்ரி. ஆளுயரப் புதர், பெரிய தொட்டியிலும் வரும், மொட்டைமாடிக்கும் ஏற்றது. 100 கிராம் பழத்தில் 1000 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. பூத்து மூன்று, நான்கு வாரங்களில் பழம். பறித்த இரண்டு, மூன்று நாளில் கெட்டுவிடும் என்பதால் கடைக்கு வராது. கடையில் கிடைக்காத பழம்தான் வீட்டுத் தோட்டத்துக்கு உரியது என்பது என் கட்சி. கடையில் கிலோ கணக்கில் கிடைப்பதை எதற்காக நாலு சென்ட் இடத்தில் வளர்க்கவேண்டும்? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி இந்தச் செர்ரியிலும் கொடுக்காய்ப்புளியிலும் பி.கே.எம். 1 என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நர்சரியில் அவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

டிராகன் பழமும் மத்திய அமெரிக்கக் கள்ளி இனம்தான், வறட்சியைத் தாங்கும். ஆனால் பெரிய மரங்களின் நிழலில் ஏறி வளர்ந்த கள்ளி அது. நம் சித்திரை வெயிலில் தண்டு மஞ்சளாகி வெந்துபோகிறது. இரண்டு மாதம் நிழல்வலை கட்டினால் போதும்.

உள்ளூரிலேயே ஓர் அபூர்வம் இருக்கிறது. திருவானைக்காவலின் தல மரம் வெண்ணாவல். ஜம்பு என்றால் நாவல், ஜம்புகேஸ்வரம் என்ற பெயரே இந்த மரத்தால் வந்தது. பழுத்தாலும் கறுக்காமல் வெளிறிய நிறத்திலேயே இருக்கும் நாவல். கருவறையில் எப்போதும் நீர் ஊறும் தலத்தில் இந்த மரம் நிற்பதில் தாவர அறிவும் கலந்திருக்கிறது. நாவல் ஆற்றங்கரை மரம். சில நாள் வேரில் வெள்ளம் நின்றாலும் சாகாது, வடிந்தபின் வரும் கோடையையும் ஆழத்து நீரைக் கொண்டு கடக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவுக்கு இதைவிடப் பொருத்தமான பழமரம் எனக்குத் தெரியவில்லை. 2005 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஸ்ரீரங்கவாசிகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இருந்தும் நல்ல வெண்ணாவல் ஒட்டுக்கன்று கிடைப்பது கடினமாக இருக்கிறது. 'ஒயிட் ஜாமூன்' என்று கேட்டால் வெள்ளை நிற வாட்டர் ஆப்பிளைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் மணி போல் தொங்கும் வாட்டர் ஆப்பிளுக்கு இடைவிடாத ஈரம் வேண்டும். இலையை வைத்துச் சரிபார்க்கலாம். நாவல் இலையில் ஓரத்தை ஒட்டி ஒரு நரம்பு மெல்லிய கரைபோல ஓடும், கசக்கினால் நாவல் மணம் வரும். வாட்டர் ஆப்பிளின் இலை அதைவிடப் பெரியது, காம்பு மிகக் குட்டை. இந்த மாவட்டத்திலேயே வேளாண் கல்லூரியும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் நவலூர் குட்டப்பட்டில் இருக்கின்றன. நல்ல தாய்மரங்களை அடையாளம் கண்டு வெண்ணாவல் ஒட்டுக்கன்று உற்பத்தி செய்வதை ஒரு திட்டமாகவே அரசு எடுக்கலாம். வெளிநாட்டுப் பழப்பயிர்களுக்குக் காட்டும் ஆர்வத்தில் கால்வாசி இருந்தால் போதும். ஒட்டுக்கன்று என்றால் நான்கைந்து ஆண்டில் காய்க்கும், விதைக்கன்றுக்கு எட்டு, பத்து ஆண்டு ஆகும். ஒட்டுக்கன்றை ஆண்டுதோறும் கவாத்து செய்து 12 அடிக்குள் நிறுத்தலாம். விட்டுவிட்டால் மாடி வீட்டுக்கு மேலே போய்விடும்.

விதைக்கன்றா, ஒட்டா என்பது எல்லாப் பழத்திலும் ஒன்றுபோல் இல்லை. மங்குஸ்தான் விதையிலிருந்து வந்தாலும் தாயைப் போலவே இருக்கும். ரம்புட்டானிலோ விதைக்கன்றுகளில் கணிசமானவை ஆண் மரங்கள். ஆறு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியவரும். ஒட்டு என்று சொன்னால் தண்டின் அடியில் ஒட்டுக்கட்டிய தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். தேசிய தோட்டக்கலை வாரியம் நர்சரிகளுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. அது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ரகம், தாய்மரம், ஒட்டு வகை மூன்றையும் அட்டையில் எழுதித் தரவேண்டும் என்பதைக் கட்டாயமாக்கி, சந்தையில் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். மாதிரிப் படத்தை நம்பி ஆறு ஆண்டு காத்திருப்பவருக்கு இன்று கேட்க இடமில்லை.

மண்ணுக்கு வருவோம். தீவின் ஆற்று வண்டலில் பெரும்பாலான பழமரங்கள் வரும். அங்கே சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில் மேலே ஏறும் நிலத்தடி நீர்தான். முள்சீத்தாவும் முட்டைப்பழமும் வேரில் தண்ணீர் நிற்பதைப் பொறுக்கா. ஒன்றரை அடி உயர மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஆற்றைத் தாண்டித் தெற்கே, மணிகண்டம் பக்கம் போனால் கதை மாறுகிறது. பல இடங்களில் களர் மண், கார அமிலநிலை 8.5-க்கு மேல், போர்வெல் நீரிலும் உப்பு. மேலே சொன்ன ஓரக் கருகலுக்கு அங்கே உப்பே காரணமாக இருக்கும். அந்தத் தண்ணீரையே கூட்டினால் உப்பையும் சேர்த்துத்தான் கூட்டுகிறீர்கள். கன்று வாங்கும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதித்துவிடுங்கள். அதற்காகும் செலவு ஒரு ரம்புட்டான் கன்றின் விலையைவிடக் குறைவு. ஜிப்சத்தின் அளவை அந்த அறிக்கையே சொல்லும். அப்படிப்பட்ட மண்ணில் கொடுக்காய்ப்புளி, நெல்லி, இலந்தை, விளா ஆகியவைதான் கைகொடுக்கும். கோடையில் எந்த மண்ணிலும் தூரைச் சுற்றி அரை அடி கனத்துக்கு வாழைச்சருகு போடுங்கள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

முள்சீத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும். இங்கே நன்றாக வரும் மரம்தான். உலர்ந்த காற்றில் மகரந்தச் சேர்க்கை குறைவதால், ஒரு சிறு தூரிகையால் நீங்களே மகரந்தத்தைத் தொட்டுவைத்தால் காய்ப்பிடிப்பு கூடும். ஆனால் பலர் இதைப் பழத்துக்காக வாங்குவதில்லை, புற்றுநோய்க்கு மருந்து என்று நம்பி இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்க வாங்குகிறார்கள். மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணப்படுத்துகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. கரீபியன் தீவான குவாடலூப்பில், சீத்தா இனப் பழங்களையும் அவற்றின் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு இருப்பதை 1999-லேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எப்போதாவது பழம் சாப்பிடுங்கள், தினமும் இலைக் கஷாயம் வேண்டாம். நட்சத்திரப் பழம் என்னும் தமரத்தையும் அப்படித்தான். ஆரோக்கியமானவர்களுக்கு அளவாகச் சாப்பிட்டால் தொல்லையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு பழம்கூட விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும், உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள். கொழுப்பு குறையும் என்று அடர்ந்த பிலிம்பிச் சாறு குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைக் கேரள மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதன் புளிப்பை ஊறுகாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அபூர்வக் கன்று ஆசை இன்னொரு வழியிலும் வருகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் தினமும் இறங்கும் ஊர் இது. பெட்டியில் துரியன் விதை, ரம்புட்டான் விதை, சில நேரம் ஈரத் துணியில் சுற்றிய கன்றும் வருகிறது. அந்த விதைகள் காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், பாதி முளைக்காது. முளைக்காததால் போவது உங்கள் உழைப்பு மட்டும்தான். கூடவே வரும் மண்ணும் பூச்சியும்தான் ஊருக்கு ஆபத்து. மெக்சிகோவைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தின்று தீர்த்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சியில் தொடங்கிய சுருள் வெள்ளை ஈயை உங்கள் தென்னை ஓலையின் அடியில் இன்றும் பார்க்கலாம். வாழையின் பனாமா வாடல் நோயில் டி.ஆர்.4 என்ற வகை பீகாரில் புகுந்திருக்கிறது. மண்ணில் ஒட்டி வரும் பூசணம் அது, வந்தால் பல்லாண்டு மண்ணைவிட்டுப் போகாது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-ல் திருச்சியில் அமைந்ததே இது வாழை மண் என்பதால்தான். தொட்டியம், லால்குடி, திருவையாறு வரை எத்தனை குடும்பங்கள் வாழையை நம்பியிருக்கின்றன! 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் சுகாதாரச் சான்றும் இல்லாமல் கன்றோ நடவு விதையோ கொண்டுவரக் கூடாது. மாமாவுக்குப் பிரியமாக வாங்கிவரும் கன்றுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நடவுக்கு, தீவுப் பகுதியில் ஆவணி, புரட்டாசி சரியான காலம். அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தெற்கே மேட்டு நிலத்தில் ஐப்பசி முதல் மழையோடு நடலாம். குழி மூன்றடி ஆழம், மூன்றடி அகலம். ஒரு மாதம் முன்பே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேல் நிற்கவேண்டும். அடியில் துளிர்க்கும் வேர்ச்செடிக் கிளைகளை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். அடுத்த ஆடிக்குள் கன்றின் மேற்குப் பக்கத்தில் ஒரு வலுவான முட்டுக்குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.