கடல் கடந்த உழைப்பாளிக்கு வாக்குச்சீட்டு எங்கே?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்பூதூர் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. அங்குப் பற்றவைக்கவும் பொறி ஓட்டவும் பழகிய நம் இளைஞர் பலர் கூடுதல் கூலியை நாடித் துபாய்க்கும் கத்தாருக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். வேறு சிலர் படையிற் சேர்ந்து பனிமலை எல்லையிற் காவல் நிற்கின்றனர். இருசாராரும் இந்நாட்டுக் குடிமக்களே. இருசாராரும் தேர்தல் நாளில் ஊரில் இல்லாதவரே. ஆயினும் ஒருவர்க்கு வாக்குச்சீட்டு அவர் இருக்குமிடம் தேடிச் செல்கின்றது. மற்றவரோ வாக்குச்சாவடி தேடிக் கடல் தாண்டி வரவேண்டும் என்கின்றது சட்டம். இது முறையா?

படைமறவர் நிலையை முதலிற் பார்ப்போம். அவர்க்கு அஞ்சல்வழி வாக்குரிமை நெடுங்காலமாகவே உண்டு. ஆனால் ஏட்டில் இருந்த உரிமை பெட்டிக்கு வந்து சேரவில்லை. வேட்பாளர் பட்டியல் முடிவான பின்னரே சீட்டு அச்சாகும். அஃது அஞ்சலில் ஏறிப் படைப்பிரிவு தங்கியுள்ள மலையையோ பாலையையோ அடைந்து, மீண்டும் அஞ்சலில் ஏறித் தொகுதிக்குத் திரும்ப வேண்டும். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் படையினர் முதலான பணி வாக்காளருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரின் வாக்குகளே வந்தன என்று தேர்தல் ஆணையமே கூறியது. 2016இல் விதியைத் திருத்தி, சீட்டை மின்வழியே விடுக்கும் முறையைக் கொணர்ந்தனர். அதனை முதன்முதற் கையாண்ட இடம் நம் புதுவையின் நெல்லித்தோப்புத் தொகுதி. அவ்வாண்டு அங்கு நடந்த இடைத்தேர்தல். தேர்தல் அலுவலர் மறைகுறியிட்டு விடுக்கும் சீட்டைப் படைப்பிரிவின் அலுவலர் கணினியில் திறந்து அச்சிட்டுத் தருவார். மறவர் தம் குறியை இட்டு, உள்ளுறையில் மூடி, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியுடன் வெளியுறையில் வைத்து அஞ்சலிற் சேர்ப்பார். எண்ணுமிடத்தில் உறைமேல் உள்ள கட்டக்குறியைக் கருவியாற் படித்து உண்மை காண்பர். பயன் என்ன தெரியுமா? 2019இல் 18,02,646 பணி வாக்காளர்க்குச் சீட்டுப் போயிற்று. 10,84,266 சீட்டுகள் திரும்பி வந்தன. நூற்றுக்கு அறுபது! போகும் வழி ஒன்றைச் சுருக்கியதற்கே இத்துணைப் பயன்.

திரும்பும் வழியோ இன்றும் அஞ்சல் வழியே. எண்ணிக்கை தொடங்க வரையறுத்த மணிக்குள் வந்து சேராத உறையைத் திறக்கவே மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2019இல் வாக்குப்பதிவு ஏப்பிரல் 18; எண்ணியது மே 23. முப்பத்தைந்து நாள் இடை இருந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலிலோ பதிவு மே 16, எண்ணிக்கை மே 19! ஒரு மறவரின் வாக்கு எண்ணப்படுவதும் குப்பைக்குப் போவதும் நாள் குறிப்பவர் கையிலா இருப்பது? சிங்கப்பூர் அரசு 2023ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெளிநாட்டிலுள்ள தன் குடிகளுக்கு அஞ்சல் வாக்கைத் தந்தபோது, வாக்குநாளுக்கு முன் அஞ்சலிற் சேர்த்த உறை அந்நாளுக்குப் பின் பத்து நாள்களுள் வந்தாலும் ஏற்கப்படும் என்று வகுத்தது. சின்னஞ்சிறு தீவுக்குத் தோன்றிய எண்ணம் தில்லிக்குத் தோன்றவில்லை.

அஞ்சல் வாக்கு சிறு தொகைதானே, அதனால் என்ன கெட்டுவிடும் என்பார்க்கு இராதாபுரம் விடை சொல்லும். 2016இல் அங்கு இன்பதுரை அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகளோ 203. குற்றம் என்ன? சான்றொப்பமிட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராம். அவர்க்கு அத் தகுதி இல்லையாம்! தலைமையாசிரியர்க்கு அத் தகுதி உண்டென்று 2019இல் சென்னை உயர் அறமன்றம் கூறி மீண்டும் எண்ணச் செய்தது. முடிவை வெளியிட உச்ச அறமன்றம் தடை விதித்தது. 2021இல் அப் பேரவையின் காலமே முடிந்துபோயிற்று. ஊரறிந்த ஆசிரியர் கையொப்பமே இப் பாடு பட்டதென்றால், பாலைநிலத்துத் தொழிலாளர் விடுதியிற் கிடப்பவர் யாரிடம் போய்ச் சான்றொப்பம் பெறுவார்?

அவர்க்கு இன்று அத் தொல்லையும் இல்லை, சீட்டே இல்லையே! 2010இல் திருத்திய சட்டம், வேற்றுநாட்டுக் குடியுரிமை பெறாத வெளிநாடு வாழ்வோர் தம் பெயரைச் சொந்தத் தொகுதியிற் சேர்க்க இடந்தந்தது. ஆனால் கடவுச்சீட்டுடன் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். 2024இல் இந்தியா முழுதும் அவ்வாறு பதிந்தோர் 1,19,374 பேர். வந்து வாக்களித்தோர் 2,958 பேர். அவருள்ளும் 2,670 பேர் கேரளத்தார். எஞ்சிய 288 பேரே ஏனை மாநிலங்கள் அனைத்திற்கும். அவருள் தமிழர் எத்துணையர் இருந்திருப்பர்! அதே துபாயில் இந்தியத் தூதரகப் பணியில் இருப்பவர் பணி வாக்காளர். அவர்க்குச் சீட்டு மின்வழியே வருகின்றது. ஒரே நகர், ஒரே குடியுரிமை; ஒருவர்க்கு அரசு சம்பளம், மற்றவர்க்குத் தனியார் கூலி. வேறுபாடு அவ்வளவே.

இதற்கு மருந்தென்று 2018இல் மக்களவை நிறைவேற்றிய சட்டவரைவு மாற்றாள் வாக்கு முறையைக் கூறிற்று. 2019இல் அவ் அவை கலைந்தபோது அதுவும் மடிந்தது. மடிந்தது நன்றே. படையினர்க்கு 2003 முதல் அம்முறை உண்டு. மாற்றாளாக வாக்கிடுவார்க்கு இடக்கை நடுவிரலில் மை வைப்பர். தன் வாக்கை மைத்துனன் கையிற் கொடுத்துவிட்டு, அவன் யார்க்கு இட்டான் என்றறியாதிருப்பதா வாக்குரிமை? நல்ல வழியைத் தேர்தல் ஆணையமே 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்திற்கு எழுதியது: மின்வழிச் சீட்டை வெளிநாட்டு வாக்காளர்க்கும் விரிக்கலாம், 2021இல் தமிழ்நாடு, புதுவை, கேரளம் முதலிய தேர்தல்களிலேயே செய்யலாம் என்று. அத் தேர்தல்களும் போயின, 2024ஆம் போயிற்று.

முதலாளியின் கண்முன் குறியிட நேரும், கங்காணி விலை பேசுவான் என்று தடை கூறுவர். நேரக்கூடியதே. ஆனால் இங்கிருந்து எட்டிவிடும் தொலைவில் உள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதற் பராந்தகன் காலத்துச் சபையார், குடத்தை எல்லாரும் காணத் தூக்கி, உள்ளிருப்பதறியாச் சிறுவனைக்கொண்டு ஓலை எடுப்பித்து, ஐந்து விரலும் அகல விரித்த கையில் வாங்கச் செய்தனர். சூதுக்கு அஞ்சித் தேர்தலை நிறுத்தவில்லை. சூதுக்கு இடமில்லா வழியை வகுத்தனர். தூதரகத்தார் ஓய்வுநாளில் தொழிலாளர் குடியிருப்புக்குச் சென்று, திரையிட்ட மறைவில் குறியிடச் செய்து, அங்கேயே சான்றொப்பமிட்டு உறையைப் பெறலாம். குறியிட்ட வாக்கைக் கணினிவழித் திருப்பியனுப்பவும் வேண்டா. அமெரிக்கா தன் படையினர்க்கென அமைத்த இணைய வாக்குத் திட்டத்தைப் பாதுகாப்பில்லை என்று 2004இற் கைவிட்டது. தாளே போதும்.

இதற்குப் புதுச்சட்டமும் வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு திருத்தம் போதும். தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் அமர்ந்துள்ளனர். கடல் கடந்தோர் அனுப்பும் பணத்தில் ஊர்தோறும் வீடு எழுகின்றது என்பதை அறியாதவர் அல்லர் அவர்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு மடல் எங்கே கிடக்கின்றது என்று கேட்கட்டும்.